க்ளஸ்டர்எஃப்எஸ் கோப்புகளை எச்டிடிபி வழியாக வழங்க முழுமையான வழிகாட்டி

ஒரே சர்வரின் வட்டில் இருக்கும் கோப்புகளை எஞ்சின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் மென்பொருள் மூலம் இணையத்தில் கொடுப்பது ஐந்து வரி கான்ஃபிக் வேலை. அதே கோப்புகள் மூன்று சர்வர்களில் பரவிக் கிடந்தாலும் அந்த ஐந்து வரி அப்படியே ஓடும். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. சோதித்துப் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். ஒரு சர்வரின் மின்சாரம் போகும் நாளில்தான், மற்ற இரண்டும் நன்றாக இருக்கும்போதே தளம் மொத்தமும் முக்கால் நிமிடம் உறைந்து நிற்பது ஏன் என்ற கேள்வி வரும்.

இந்த வழிகாட்டி அந்த நாளுக்காக. இதன் அடிப்படை எண்ணம் ஒன்றுதான்: பல சர்வர்களின் வட்டுகளை ஒரே ஃபோல்டராகக் காட்டும் க்ளஸ்டர்எஃப்எஸ் என்ற பரவிய கோப்பு முறைமை (கீழே சுருக்கமாக 'க்ளஸ்டர்') மூலப் பிரதியைக் காக்கட்டும், ஆனால் ஒவ்வொரு எச்டிடிபி கோரிக்கையும் அதன் கதவைத் தட்டக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் உள்ளூர் வட்டில் ஒரு கேஷ் (கேட்கப்பட்ட கோப்புகளின் தற்காலிகப் பிரதிகள் இருக்கும் இடம்) வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அதைப் பிசகில்லாமல் அமைப்பதற்குத்தான்.

எடுத்துக்காட்டாக ஒரு மின்னூலகத்தை வைத்துக்கொள்வோம். ஸ்கேன் செய்த பிடிஎஃப்கள், ஒவ்வொன்றும் 100 முதல் 300 எம்பி. கூடவே அட்டைப் படங்களின் சின்னச் சின்ன ஜேபெக்குகள். மூன்று லினக்ஸ் சர்வர்கள், ஒவ்வொன்றிலும் தரவுக்கு ஒரு பெரிய வட்டு, கேஷுக்கு ஒரு எஸ்எஸ்டி.

கட்டளைகளையும் ஆப்ஷன்களையும் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது, எஞ்சின்எக்ஸ் சொற்களுக்கு நடுவில் அடிக்கோடு வரும். க்ளஸ்டர் ஆப்ஷன்களில் வகைப்பெயருக்குப் பின் புள்ளியும் மற்ற இடங்களில் இடைக்கோடும் வரும்.

தொடங்கும் முன்: க்ளஸ்டர்எஃப்எஸ்தான் வேண்டுமா?

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி இணைந்து தொடங்கிய நிறுவனத்தில் வளர்ந்தது க்ளஸ்டர்எஃப்எஸ். 2011-ல் சுமார் 13.6 கோடி டாலருக்கு ரெட் ஹேட் அந்த நிறுவனத்தை வாங்கியது. அவர் 2014-ல் மினியோவைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். மினியோ கோப்பு முறைமை இல்லை. எச்டிடிபியையே தாய்மொழியாகப் பேசும் ஆப்ஜெக்ட் சேமிப்பகம். இந்த நகர்வே யோசிக்க வைக்கும் விஷயம்.

ரெட் ஹேட் தன் வணிகப் பதிப்புக்கான ஆதரவை 2024 டிசம்பர் 31-உடன் முடித்துக்கொண்டது. திறமூலத் திட்டம் இருக்கிறது, 2023-ல் 11-ம் பதிப்பு வந்தது, ஆனால் பழைய வேகம் இல்லை. ஆகவே புதிதாகத் தொடங்குபவர், கோப்புகளை எழுதும் மென்பொருள் எல்லாம் தன் கையில் இருந்தால், செஃப் என்ற இன்னொரு பரவிய சேமிப்பு மென்பொருளின் ஆப்ஜெக்ட் வாசல் போன்ற ஒன்றை முதலில் பார்ப்பது நல்லது. எஃப்டிபி, ஆர்சிங்க், பழைய பிஹெச்பி நிரல்கள், ஸ்கேனர் கொட்டும் சாம்பா ஃபோல்டர் என்று பல பக்கமிருந்து சாதாரணக் கோப்பாக எழுதப்படும் இடம் என்றால், மவுண்ட் செய்யக்கூடிய கோப்பு முறைமை இன்றும் தேவை. செஃப்பின் கோப்பு முறைமையான செஃப்எஃப்எஸ் பயன்படுத்துபவர்களுக்கும் நான்காம் படியிலிருந்து சொல்வது பெரும்பாலும் பொருந்தும்.

படி 1: வால்யூமை உருவாக்குவது

வால்யூம் என்பது மூன்று சர்வர்களும் தரும் ஃபோல்டர்கள் சேர்ந்த ஒரே சேமிப்பிடம். மூன்று சர்வர்களுக்கும் ஒன்றுக்கொன்று பெயர் தெரிய வேண்டும். டிஎன்எஸ்ஸை நம்பாமல் ஹோஸ்ட்ஸ் கோப்பிலேயே எழுதிவிடுங்கள். தரவு வட்டை எக்ஸ்எஃப்எஸ் ஆக வடிவமைத்து மவுண்ட் செய்து, அதற்குள் ஒரு துணை ஃபோல்டர் உருவாக்கி அதையே பிரிக்காக (வால்யூமுக்கு அந்தச் சர்வர் தரும் பங்கு) கொடுங்கள். மவுண்ட் புள்ளியையே பிரிக் ஆக்காதீர்கள். என்றாவது வட்டு மவுண்ட் ஆகாமல் சர்வர் எழுந்தால், துணை ஃபோல்டர் இல்லாததால் பிரிக் தொடங்க மறுக்கும். அது மறுப்பதுதான் உங்களுக்கு நல்லது. இல்லையென்றால் ரூட் பார்ட்டிஷனில் கொட்ட ஆரம்பித்துவிடும்.

அப்புறம் முதல் சர்வரிலிருந்து மற்ற இரண்டையும் 'பியர் ப்ரோப்' செய்து, 'வால்யூம் கிரியேட்' கட்டளையில் ரெப்ளிகா 3 (ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று பிரதி) என்று கொடுத்து, 'வால்யூம் ஸ்டார்ட்' செய்தால் போதும். ரெப்ளிகா 2 வேண்டாம். இரண்டு பிரதிகளுக்கிடையே தொடர்பு அறுந்து இரண்டிலும் தனித்தனியாக எழுதப்பட்டால் எது சரி என்று தீர்மானிக்க ஆளில்லை. ஸ்ப்ளிட் பிரெய்ன் என்பது இதைத்தான். வட்டுக்குப் பணம் குறைவென்றால் மூன்றாவதை ஆர்பிட்டர் ஆக்கலாம். அது கோப்பின் பெயரையும் மெட்டாடேட்டாவையும் மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பு சொல்லும். உள்ளடக்கம் அதில் இருக்காது.

ஃபயர்வாலில் 24007-ம் போர்ட்டும், பிரிக்குகளுக்கு 49152-லிருந்து மேலேயும் இந்த மூன்று சர்வர்களுக்கு இடையே மட்டும் திறந்திருக்கட்டும். 'ஆத் அலோ' ஆப்ஷனிலும் அந்த ஐபிகளை மட்டும் கொடுங்கள். மவுண்ட் செய்ய முடிகிறவர் எழுதவும் முடியும்.

படி 2: மவுண்ட்

எஃப்எஸ்டேபில் வகை க்ளஸ்டர்எஃப்எஸ், ஆப்ஷன்களில் 'நெட்தேவ்' (முன்னால் அடிக்கோடு உண்டு), கூடவே 'பேக்கப் வால்ஃபைல் சர்வர்ஸ்' என்று மற்ற இரண்டு சர்வர்களின் பெயர்கள். மவுண்ட் வரியில் நாம் எழுதும் சர்வர், வால்யூமின் வரைபடத்தை வாங்குவதற்கு மட்டுமே. வாங்கியபின் கிளையன்ட் (மவுண்டை நடத்தும் நிரல்) மூன்று பிரிக்குகளோடும் நேரடியாகப் பேசும்.

எச்டிடிபிக்காகத் தனியாக, படிக்க மட்டுமான ஒரு மவுண்ட் வையுங்கள். எழுதுவதற்கான மவுண்டை அப்லோடு நிரல் ஓடும் பயனருக்கு மட்டும் கொடுங்கள். வலைச் சர்வரில் ஓட்டை விழுந்தாலும் நூலகம் அழியாது.

எஞ்சின்எக்ஸின் ரூட் பாதையாக மவுண்ட் புள்ளியைக் கொடுக்காமல், அதற்குள் ஒரு நிலை கீழே, 'பப்ளிக்' போன்ற ஃபோல்டரைக் கொடுங்கள். சிஸ்டம்டி யூனிட்டில் 'ரிக்வயர்ஸ் மவுண்ட்ஸ் ஃபார்' என்ற வரியையும் (சேர்த்து எழுதப்படுவது) சேர்த்துவிடுங்கள். மவுண்ட் ஆகாத நிலையில் எஞ்சின்எக்ஸ் எழுந்தால் காலி ஃபோல்டரைப் பார்த்து எல்லாவற்றுக்கும் 404 சொல்லும். அந்த 404-ஐ முன்னால் இருக்கும் கேஷும் தேடுபொறியும் நம்பிவிடும்.

சிலர் இந்த இடத்தில் ஒரு குறுக்கு வழியைக் கேட்பார்கள்: ரெப்ளிகா 3-ல் ஒவ்வொரு பிரிக்கிலும் எல்லாக் கோப்பும் இருக்கிறதே, நேராகப் பிரிக் ஃபோல்டரிலிருந்தே கொடுத்தால் வேகமாக இருக்காதா? இருக்கும். ஆனால் அந்த சர்வர் கொஞ்ச நேரம் இறங்கி ஏறியிருந்தால், குணமாகாத (மற்ற பிரதிகளோடு இன்னும் சமமாகாத) பழைய கோப்பைப் புதியது என்று கொடுக்கும். ஆர்பிட்டர் பிரிக் என்றால் எல்லாக் கோப்பும் பூஜ்ய பைட்டாக இருக்கும். பின்னால் பிரிக்குகளைக் கூட்டினால், பெயர் மட்டும் இங்கே உடல் வேறெங்கோ என்று சுட்டிக் கோப்புகள் முளைக்கும். பிரிக் ஃபோல்டர் க்ளஸ்டருக்குச் சொந்தம். அங்கே கை வைக்க வேண்டாம்.

படி 3: ஒரு கோப்பைத் திறக்க என்னவெல்லாம் நடக்கிறது

இது கட்டளை ஏதும் இல்லாத படி. ஆனால் இது புரியாவிட்டால் மற்றவற்றில் உள்ள எண்களுக்கு அர்த்தமில்லை.

க்ளஸ்டரில் மையமான மெட்டாடேட்டா சர்வர் கிடையாது. கோப்பின் பெயரை ஹாஷ் செய்து, அது எந்தப் பிரிக் தொகுதியில் இருக்கும் என்று கிளையன்டே கணக்கிட்டுக்கொள்ளும். அழகான வடிவமைப்பு, செலவு வேறு இடத்தில் வருகிறது. பாதையில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டருக்கும் 'லுக்கப்' போகும். அந்த லுக்கப் எல்லாப் பிரதிகளுக்கும் போகும், ஏனென்றால் யாரிடமாவது பழையது இருக்கிறதா என்று கிளையன்ட் பார்க்க வேண்டும். அதற்குமேல் கெர்னலுக்கும் ஃபியூஸ் நிரலுக்கும் (கெர்னலுக்கு வெளியே ஓடி மவுண்டை நடத்தும் அதே கிளையன்ட்) இடையே தாவல்கள். 300 எம்பி பிடிஎஃப்புக்கு இந்தச் செலவு ஒரு பொருட்டே இல்லை. 8 கேபி அட்டைப் படத்துக்கு, படிக்கும் நேரத்தைவிடத் திறக்கும் நேரம் அதிகம். ஒரே பக்கத்தில் 60 அட்டைப் படங்கள் வரும் நூலகப் பட்டியலில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இல்லாத கோப்பு இன்னும் மோசம். பிரிக் தொகுதிகள் பலவாக இருக்கும் வால்யூமில், ஹாஷ் சொன்ன இடத்தில் கிடைக்காவிட்டால் எல்லா இடத்திலும் தேட வாய்ப்புண்டு. தாக்குதல் பாட்கள் (தானியங்கி நிரல்கள்) இல்லாத பாதைகளைக் கேட்டுக்கொண்டே இருப்பது நமக்கு எவ்வளவு செலவு என்று இதிலிருந்து புரியும்.

எஞ்சின்எக்ஸ் பக்கம் ஒரு விஷயம். அதன் ஒவ்வொரு வொர்க்கரும் (கோரிக்கைகளைக் கவனிக்கும் ப்ராசஸ்) ஆயிரக்கணக்கான இணைப்புகளை ஒரே இழையில் சமாளிக்கிறது. 'ஏஐஓ த்ரெட்ஸ்' போட்டால் படிக்கும் வேலை தனி இழைகளுக்குப் போகும். ஆனால் கோப்பைத் திறக்கும் 'ஓப்பன்' அழைப்பு முதன்மை இழையிலேயே நடக்கும். அந்த அழைப்பு பதில் வராமல் நின்றால், அந்த வொர்க்கரில் இருக்கும் அத்தனை பேரும் நிற்பார்கள்.

இப்போது 'நெட்வொர்க் பிங் டைம்அவுட்' என்ற க்ளஸ்டர் ஆப்ஷனைப் பாருங்கள். இயல்பு மதிப்பு 42 நொடி. ஒரு சர்வரை முறையாக நிறுத்தினால் டிசிபி இணைப்பு மூடப்படும், கிளையன்டுக்கு உடனே தெரியும். மின்சாரம் போனாலோ கேபிள் கழன்றாலோ யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். 42 நொடி காத்திருந்துதான் அந்தப் பிரிக்கைக் கைவிடும். அதுவரை ஓப்பன் நிற்கும், வொர்க்கர் நிற்கும், தளம் நிற்கும். முதல் பத்தியில் சொன்ன முக்கால் நிமிடம் இதுதான்.

படி 4: இரண்டு எஞ்சின்எக்ஸ்

ஆகவே ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு எஞ்சின்எக்ஸ் சேவைகளைத் தனித்தனி யூனிட்டாக ஓட்டுங்கள். ஒரே சேவையில் இரண்டு சர்வர் பிளாக் எழுதினால் போதாதா என்றால் போதாது. வொர்க்கர் பொதுவாக இருக்கும்வரை, ஒன்று உறைந்தால் மற்றதும் உறையும்.

பின்னணிச் சேவை உள் நெட்வொர்க்கில் மட்டும், 8081 போன்ற ஒரு போர்ட்டில் கேட்கட்டும். மவுண்டைத் தொடுவது இது ஒன்றுதான். வொர்க்கர் எண்ணிக்கையைச் சிபியு எண்ணிக்கைக்குக் கட்டுப்படுத்தாமல் 16 அல்லது 32 என்று கூட்டி வையுங்கள். அவை பெரும்பாலும் காத்துக்கொண்டு சும்மா இருக்கப் போகின்றன. 'ஓப்பன் ஃபைல் கேஷ்' போட்டு, 'வேலிட்' 60 நொடி, 'எரர்ஸ்' ஆன். 'ஆட்டோஇண்டெக்ஸ்' வேண்டவே வேண்டாம். பல்லாயிரம் கோப்புள்ள ஃபோல்டரைப் பட்டியலிடுவது க்ளஸ்டரைத் திணறடிக்க எளிய வழி.

'சென்ட்ஃபைல்' பற்றி இரண்டு கருத்து உண்டு. அப்பாச்சியின் ஆவணம் நெட்வொர்க் மவுண்டுகளுக்கு அதை அணைக்கச் சொல்கிறது, 2.4-ல் இயல்பாகவே அது அணைந்திருக்கும். எனக்கு ஃபியூஸ் மவுண்டில் அதை அணைத்து வைப்பதே பிடிக்கும். முன்னால் கேஷ் இருக்கும்போது இங்கே மிச்சமாகும் சிபியு ஒன்றும் பெரிதில்லை.

முன்னணிச் சேவை 443-ல் கேட்கும். இது மவுண்டை அறியவே அறியாது. எஸ்எஸ்டியில் 'ப்ராக்ஸி கேஷ் பாத்' அமைத்து, சாவிகளுக்கான நினைவகம் 100 எம்பி கொடுங்கள். 1 எம்பிக்கு ஏறத்தாழ 8,000 சாவிகள் பிடிக்கும் என்பது கணக்கு. 'மேக்ஸ் சைஸ்' எஸ்எஸ்டி அளவைவிடத் தாராளமாகக் குறைவாக இருக்கட்டும். 'இன்ஆக்டிவ்' இயல்பாக 10 நிமிடம். நூலகத்துக்கு அது மிகக் குறைவு, 30 நாள் வையுங்கள். 'யூஸ் டெம்ப் பாத்' ஆஃப்.

அதோடு மூன்று வரிகள், மூன்றுமே முக்கியம். 'ப்ராக்ஸி கேஷ் லாக்' ஆன்: ஒரே புதிய கோப்பை நூறு பேர் ஒரே நொடியில் கேட்டாலும் பின்னணிக்கு ஒரு கோரிக்கைதான் போகும். 'ப்ராக்ஸி கேஷ் யூஸ் ஸ்டேல்': எரர், டைம்அவுட், அப்டேட்டிங், 500, 502, 504 எல்லாவற்றையும் அதில் சேருங்கள். 'ப்ராக்ஸி ரீட் டைம்அவுட்': இயல்பான 60 நொடியை 8 நொடி ஆக்குங்கள். ஒரு சர்வர் திடீரென இறந்தால் பின்னணி 42 நொடி ஊமையாகும். முன்னணி 8 நொடியில் பொறுமை இழந்து கையிலிருக்கும் பிரதியைக் கொடுத்துவிடும். காலாவதியாகாத பிரதி இருந்தால் அந்த 8 நொடியும் இல்லை.

பின்னணி ஊமையானால் அடுத்த சர்வரின் பின்னணிக்கு அனுப்பலாமே என்று 'ப்ராக்ஸி நெக்ஸ்ட் அப்ஸ்ட்ரீம்' எழுதுவோம். எழுதுங்கள், ஒரு சர்வரின் ஃபியூஸ் நிரல் மட்டும் செத்தால் அது உதவும். ஆனால் பிரிக் இறந்த நேரத்தில் மூன்று சர்வர்களின் கிளையன்டுகளும் ஒரே பிரிக்குக்காகத்தான் காத்திருக்கும். அங்கே காப்பாற்றுவது கேஷ் மட்டுமே.

பிங் டைம்அவுட்டையே குறைத்தால் என்ன? குறைக்கலாம். ஆனால் மிகக் குறைத்தால் நெட்வொர்க் சற்றே தடுமாறினாலும் பிரிக்கை விட்டு விலகி, திரும்பச் சேரும்போது திறந்த கோப்புகளையும் லாக்குகளையும் புதுப்பிக்கும் செலவு வரும். நான் 10-க்குக் கீழே போக மாட்டேன்.

படி 5: பெரிய கோப்புகள்

பிடிஎஃப் பார்வையான் 180-ம் பக்கத்துக்குத் தாவினால், 'ரேஞ்ச்' ஹெடரோடு நடுத்துண்டை மட்டும் கேட்கும். சர்வர் 206 என்று பதில் சொல்லும். சாதாரண ப்ராக்ஸி கேஷ் இந்த நேரத்தில் முழுக் கோப்பையும் பின்னணியிலிருந்து இழுக்கும். கேட்ட துண்டுக்கு முன்னால் இருப்பதெல்லாம் வந்து சேரும்வரை வாசகர் காத்திருக்க வேண்டியதுதான்.

இதற்குத்தான் எஞ்சின்எக்ஸ் 1.9.8-ல் வந்த 'ஸ்லைஸ்' மாட்யூல். 'ஸ்லைஸ்' 1 எம்பி என்று கொடுத்து, கேஷ் சாவியில் 'ஸ்லைஸ் ரேஞ்ச்' மாறியைச் சேர்த்து, அதையே ரேஞ்ச் ஹெடராகப் பின்னணிக்கு அனுப்பி, 'ப்ராக்ஸி கேஷ் வேலிட்' வரியில் 200-உடன் 206-ஐயும் எழுதினால், கோப்பு 1 எம்பித் துண்டுகளாகக் கேஷ் ஆகும். கேட்ட துண்டு மட்டும் வரும். அட்டைப் படங்களுக்கு ஸ்லைஸ் தேவையில்லை. வேறு லொகேஷனில் சாதாரணக் கேஷ் போதும்.

ஸ்லைஸுக்கு ஒரு நிபந்தனை: எல்லாத் துண்டுகளுக்கும் ஈடேக் (கோப்பின் பதிப்பைக் காட்டும் ஹெடர்) ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பதிலைப் பாதியில் அறுத்துவிடும். எஞ்சின்எக்ஸ் ஈடேக்கைக் கோப்பின் மாற்ற நேரத்திலிருந்தும் அளவிலிருந்தும் உண்டாக்குகிறது. ஒரே கோப்பின் பிரதிகளில் மாற்ற நேரம் ஒரு நொடி பிசகியிருந்து, இந்தத் துண்டு ஒரு பிரிக்கிலிருந்தும் அடுத்தது வேறொன்றிலிருந்தும் வந்தால், டவுன்லோடு 40 சதவீதத்தில் நிற்கும். காரணம் தேடி அலைய நேரிடும். க்ளஸ்டரில் 'ஃபீச்சர்ஸ் சீடைம்' ஆன் ஆக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிரதிகளுக்கிடையே நேரத்தை ஒன்றாக வைப்பது அதன் வேலை. மூன்று சர்வர்களிலும் கடிகார ஒத்திசைவு ஓடட்டும்.

படி 6: எழுதும் பக்கத்தின் ஒழுங்கு

கேஷ் நன்றாக வேலை செய்வதே பிறகு தலைவலியாகும்: பிடிஎஃப்பைத் திருத்தி அதே பெயரில் வைத்தால் வாசகர் பழையதையே பார்ப்பார். கேஷைத் துடைக்கும் நிரல் எழுதுவதைவிட, ஒரு முறை வைத்த பெயரில் உள்ளடக்கத்தை மாற்றாமல் இருப்பது எளிது. பெயரில் உள்ளடக்கத்தின் ஹாஷையோ பதிப்பு எண்ணையோ சேருங்கள். அப்புறம் 'கேஷ் கன்ட்ரோல்' ஹெடரில் மேக்ஸ் ஏஜ் 31536000, கூடவே 'இம்யூட்டபிள்' என்று தைரியமாக எழுதலாம். 404-க்கு மட்டும் 1 நிமிடம்.

பாதி எழுதிய கோப்பு யார் கண்ணிலும் படக்கூடாது என்பதால் தற்காலிகப் பெயரில் எழுதி முடித்து, பிறகு உண்மைப் பெயருக்கு மாற்றுவோம். க்ளஸ்டரில் பெயர் மாறினால் ஹாஷ் மாறும். பல பிரிக் தொகுதி உள்ள வால்யூமில் உடல் பழைய இடத்திலேயே இருக்க, புதிய இடத்தில் ஒரு சுட்டிக் கோப்பு உருவாகும். ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு தாவல் கூடும். ஆர்சிங்க் உண்டாக்கும் தற்காலிகப் பெயர் வடிவத்தை மட்டும் க்ளஸ்டர் அடையாளம் கண்டுகொள்கிறது: முன்னால் ஒரு புள்ளி, பிறகு உண்மைப் பெயர், பிறகு புள்ளியோடு சில எழுத்துகள். உங்கள் அப்லோடு நிரலும் அதே வடிவத்தைப் பயன்படுத்தினால், உண்மைப் பெயருக்குரிய இடத்திலேயே கோப்பு எழுதப்படும்.

கோப்புப் பெயரைத் தமிழில் வைக்கலாமா என்று நம்மவர்கள் கேட்பார்கள். முடியும். ஆனால் யூடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். எக்ஸ்எஃப்எஸ்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் எல்லை. அதாவது 85 குறிகள், உயிர்மெய்யில் காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். பழைய நூல்களின் தலைப்புகள் இதைச் சுலபமாகத் தாண்டிவிடும். இன்னொன்று, 'கொ' என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. கோப்பு முறைமைக்கு அவை இரண்டு வேறு கோப்புகள். ஆகவே வட்டில் எண்ணும் ஆங்கில எழுத்துமாக ஒரு அடையாளப் பெயர் வைத்துவிட்டு, 'கன்டென்ட் டிஸ்பொசிஷன்' ஹெடரில் நட்சத்திரக்குறி சேர்ந்த 'ஃபைல்நேம்' வடிவத்தில் தமிழ்த் தலைப்பைக் கொடுங்கள். வாசகரின் கணினியில் தமிழ்ப் பெயரோடுதான் இறங்கும்.

படி 7: எல்லோருக்கும் அல்லாத கோப்புகள்

உறுப்பினர்களுக்கு மட்டுமான நூல்களைப் பிஹெச்பியோ பைத்தானோ திறந்து வாசித்துக் கொடுக்கத் தேவையில்லை. நிரல் அனுமதியை மட்டும் சரிபார்த்து, 'எக்ஸ் ஆக்செல் ரீடைரக்ட்' ஹெடரில் உள் பாதையைத் திருப்பி அனுப்பட்டும். அந்தப் பாதைக்கான லொகேஷனில் 'இன்டர்னல்' என்று எழுதி, அதைப் படி 4-ன் கேஷ் வழியாகவே பின்னணிக்கு இணையுங்கள். வெளியிலிருந்து யாரும் அதை நேராகத் தொட முடியாது, கோப்பும் கேஷிலிருந்தே வரும். இவற்றின் கேஷ் கன்ட்ரோல் மட்டும் 'பிரைவேட்' ஆக இருக்கட்டும்.

படி 8: இழுத்துப் பார்ப்பது

லாகில் 'அப்ஸ்ட்ரீம் கேஷ் ஸ்டேட்டஸ்' மாறியைச் சேருங்கள். ஹிட், மிஸ், ஸ்டேல் எத்தனை என்று அதிலேயே தெரியும்.

கோரிக்கைகளை மூன்று சர்வர்களுக்கும் பிரித்தனுப்பும் லோட் பேலன்ஸரின் நலச் சோதனை முகப்புப் பக்கத்தைக் கேட்காமல், மவுண்டில் வைத்த ஒரு சிறு கோப்பைக் கேஷைத் தாண்டிக் கேட்கட்டும். ஃபியூஸ் நிரல் செத்திருந்தால் 'டிரான்ஸ்போர்ட் எண்ட்பாயிண்ட் இஸ் நாட் கனெக்டட்' என்ற பிழையை எஞ்சின்எக்ஸ் 500 ஆக்கிச் சொல்லும். இந்தச் சோதனை மூன்று சர்வரிலும் ஒரே நேரத்தில் தோற்றால், மூன்றையும் வெளியேற்றாமல் வைத்திருக்கும்படி பேலன்ஸரை அமையுங்கள். 42 நொடி ஊமை நேரத்தில் நடப்பது அதுதான், அப்போது கேஷ் உள்ள சர்வர்களே நம் கைவசம் இருக்கும் ஒரே வழி.

பிறகு வாசகர் குறைந்த ஒரு நேரத்தில், ஒரு சர்வரை முறையாக நிறுத்தாமல் அதன் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். கேஷில் உள்ள ஒரு நூலும் இல்லாத ஒரு நூலும் இறங்கிக்கொண்டிருக்கட்டும். முதலாவது நிற்கவே கூடாது. இரண்டாவது பிழையோடு முடிந்து, பிரிக் கைவிடப்பட்டபின் திரும்பக் கேட்டால் கிடைக்க வேண்டும். அந்த நேரத்தில் புதிய கோப்பு ஒன்றையும் அப்லோடு செய்து வையுங்கள்.

கேபிளைத் திரும்பச் செருகியதும் 'வால்யூம் ஹீல்' கட்டளையோடு வால்யூம் பெயரும் 'இன்ஃபோ'வும் கொடுத்துப் பாருங்கள். விடுபட்ட கோப்புகள் பட்டியலில் தெரிந்து, ஒவ்வொன்றாகக் குறையும். மூன்று பிரிக்கிலும் எண்ணிக்கை பூஜ்யம் ஆகும்வரை அடுத்த சர்வரை எந்தக் காரணத்துக்காகவும், கெர்னல் அப்டேட்டுக்காகக்கூட, ரீபூட் செய்யாதீர்கள்.